மொழியாராய்ச்சியும் செங்கற்பட்டு வட்டார மக்களும்

முன்னுரை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மொழியியல் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய படிப்புகளை நம் பெற்றோர் நன்கறிவர். தம் மக்களை அவற்றில் சேர்க்க அரும்பாடு படுகின்றனர். மொழியியல் என்றொரு துறை உண்டு என்பதையும், அதில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறலாம் என்பதையும் அறிந்தோர் நம்மிடையே சிலரே. ஆயினும் அத்துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து, நம் வட்டாரமும் நம் மக்களும் அதன் தொடக்க நாள் முதலே அதனோடு தொடர்புடையவர்களாய் இருந்துள்ளமை புலனாகும். எந்த நிலையில் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியது. ஏட்டைக் கொடுத்தவர்களாகவும், சொல்லைக் கொடுத்தவர்களாகவும், பிறரால் ஆராயப்பட்டவர்களாகவும் நம் முன்னோர் இருந்தனர். ஆராய்ந்து நூல் செய்தவர்களாக இருந்தோர் மிகச் சிலர். இந்நிலை வந்த வகையையும், இது மாறுதற்குரிய வழியையும் இங்கு நோக்குவோம்.

எல்லிசரும் கந்தப்பனும்

இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அலுவலர்கள் இந்நாட்டு மொழிகளைக் கற்கும் பொருட்டு, 1812ஆம் ஆண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதற்கு முன்னின்றவர் சென்னைக் கலெக்டராக விளங்கிய எல்லிசர். அவர் 1816-ல், காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை அதில் சொற்சான்றுகளுடன் விளக்கினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. தொண்டை மண்டலத்து மிராசு உரிமை பற்றி எல்லிசர் எழுதிய விடைகளும் 1818-ல் அச்சாயின. நம் வட்டாரத்து நில வழக்குச் சொற்கள் பல அதில் விளக்கம் பெற்றன.

இந்த எல்லிசருக்குத் திருக்குறள் ஏடு கிடைத்த வரலாற்றைப் பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். ஆரிங்டன் துரையிடம் பட்லராகப் பணிபுரிந்த கந்தப்பன் என்பார், தம் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு வந்த ஓலைச்சுவடியைக் கொணர்ந்து கொடுக்க, அது எல்லிசரிடம் சேர்ந்தது என்பது அவர் கூற்று. அக்கந்தப்பன் அயோத்திதாசரின் பாட்டனாரே ஆவார். கல்வி மறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு குடும்பத்தில் குறள் ஏடு இருந்தது என்பதே நாம் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. ஏட்டைக் கொடுத்தவர் பெயர் பேரன் எழுதியதால் நிலைத்தது. எழுதப் பேரன் இல்லாதார் பெயர்கள் மறைந்தன.

விடுபட்ட பக்கங்கள்

1856-ல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழாசிரியர் இல்லை. அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1875-ல் வந்தது. அதன் பின்னிணைப்பில், தென்னிந்தியப் பறையர் திராவிடரா என்னும் வினாவை எழுப்பி, அவர்களும் திராவிடரே என்னும் முடிவுக்குக் கால்டுவெல் வந்தார். ஆனால், 1913-ல் பிறர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவர் பயின்றது அந்தக் குறைப் பதிப்பையே. முழுப் பதிப்பு மீண்டும் அச்சேறி நம் கைக்கு எட்டியது இந்த நூற்றாண்டில்தான். ஒரு நூலில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் நம்மவர் ஒருவரும் அன்று இல்லை என்பதை இச்செய்தி தெளிவாக்கும்.

பெயர் மாற்றிய போராட்டங்கள்

ஆய்வுக் கூடத்துக்கு வெளியே நம் தலைவர்கள் மொழி பற்றிய அறிவைப் போராட்டக் கருவியாகக் கொண்டனர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1860-ல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய இதழில் சொற்களின் மூலத்தை ஆராய்ந்து, சாதிப் பெயர்களுக்கும் பண்டிகைப் பெயர்களுக்கும் புதுப்பொருள் கண்டார். அவர் கூறிய சொற்பிறப்புகள் அனைத்தையும் இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் ஒரு சொல்லுக்கு வழங்கும் பொருளை அப்படியே ஏற்காமல், யார் அப்பொருளைக் கொடுத்தார் என்று கேட்ட துணிவு அவருடையது.

செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர் 1891-ல் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-ல் அரசு ஆணை பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்னும் சொல் மக்கள் வழக்கில் நிலைபெற்றது. எம். சி. இராசா அவர்கள் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பேரில், 1922-ல் 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயரின் பின் சாதிப் பட்டம் இடுவதை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்ட அளவில் சாதி தெரிவதில்லை என்றால், அந்த மாற்றத்தில் நம் ஊர் மாநாட்டுக்கும் பங்குண்டு. ஒரு சமுதாயம் தன் மொழி வழக்கைத் தானே முனைந்து மாற்றிய இந்நிகழ்ச்சிகள் யாவும் மொழியியலார் ஆராய்தற்குரியன.

பல்கலைக் கழகங்களில் வளர்ந்த துறை

கிரியர்சன் தலைமையில் நடந்து, 1903 முதல் 1928 வரை தொகுதிகளாக வெளிவந்த இந்திய மொழிகள் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆனால் சென்னை மாகாணம் அதன் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. ஆகவே செங்கற்பட்டில் ஒரு பண்ணையாள் எப்படிப் பேசினார், சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவர் எப்படிப் பேசினார் என்பதற்கு அப்பெருந்தொகுதிகளில் இடமில்லை. 1910-ல் பிரெஞ்சு அறிஞர் சூல் பிளாக், தமிழில் சாதிக்கும் கிளைமொழிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

விடுதலைக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1954 முதல் புனே தக்காணக் கல்லூரியில் இளம் ஆசிரியர்களுக்கு மொழியியற் பயிற்சி தரப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் வித்திட்ட துறை, 1963-ல் உயராய்வு மையமாக உயர்ந்தது. 1969-ல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், 1981-ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக் கழகமும் தோன்றின. தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம், அமெரிக்க நாட்டு இந்தியானா பல்கலைக் கழகத்தில் தம் டாக்டர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் தம் சொந்த நாஞ்சில் நாட்டுப் பேச்சே. கடல் கடந்து சென்றவர் தம் ஊர்ப் பேச்சையே ஆராய்ச்சிப் பொருளாக்கியது நம் மாணவர் மனத்தில் பதிய வேண்டிய எடுத்துக்காட்டு.

இக்காலத்தில் சாதிக் கிளைமொழிகள் பற்றிய ஆய்வுகளும் பெருகின. 1960-களில் வில்லியம் பிரைட்டும் ஏ. கே. இராமானுசனும் பிராமணர் வழக்கு, பிராமணரல்லாதார் வழக்கு என இரு கூறாகப் பிரித்து ஆராய்ந்தனர். மு. சண்முகம் பிள்ளை உறவுமுறைச் சொற்களில் காணும் சாதி வேறுபாடுகளை ஆராய்ந்தார். 1970-களில் 'அரிசன' வழக்கு என்னும் பெயரிலேயே ஒரு நூல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலிருந்து வெளிவந்தது. இவை யாவும் பயனுடைய பணிகளே. எனினும், இரு கூறாகப் பிரிக்கும்போது நம் பேச்சு ஏனையோர் பேச்சோடு ஒரே கட்டில் வைக்கப்பட்டது. தனியே எடுக்கும்போது பிறர் இட்ட பெயரால் அழைக்கப்பட்டது.

'கொச்சை' என்னும் பழி

ஆராய்ச்சியினால் நமக்கு என்ன பயன் என்று பெற்றோர் வினவக்கூடும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நம் வட்டாரத்தில் 'வந்துகினு இருக்கான்' என்பர். தென் மாவட்டத்தார் 'வந்துகிட்டு' என்பர். பிராமணர் இல்லங்களில் 'வந்துண்டு' என்பர். இம்மூன்றும் 'வந்துகொண்டு' என்னும் ஒரே வடிவத்திலிருந்து பிறந்தவை. 'கொண்டு' என்பது ஓரிடத்தில் 'கினு' ஆயிற்று. ஓரிடத்தில் 'கிட்டு' ஆயிற்று. ஓரிடத்தில் முதலெழுத்தை இழந்து 'உண்டு' ஆயிற்று. மூன்றும் ஒழுங்கான ஒலி மாற்றங்களே. இலக்கண நெறியால் நோக்கின் இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. ஆயினும், ஒன்றை அழகு என்பர். ஒன்றை இயல்பு என்பர். 'கினு' என்று சொன்னால் மட்டும் சிரிப்பர். சிரிப்பவர் உண்மையில் நகைப்பது ஒலியை அன்று. அதைப் பேசும் மக்களை.

'வீட்டாண்ட' என்று நம் பிள்ளை சொன்னால் அதில் 'அண்டை' என்னும் நல்ல தமிழ்ச்சொல் உள்ளது. 'அப்பால வரேன்' என்பதில் ஏட்டுத் தமிழின் 'அப்பால்' உள்ளது. 'குந்து' என்பது தமிழ் அகராதிகளில் இடம்பெற்ற பழைய வினைச்சொல். நாம் பணிபுரிந்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி, 'எங்க சார் குந்தறது?' என்று கேட்க, வகுப்பே நகைத்தது. ஆசிரியரும் சேர்ந்து நகைத்தார். அச்சிறுமி அவ்வாண்டு முழுவதும் வகுப்பில் தானாக வாய் திறந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அச்சொல் அகராதியில் உள்ளது என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தால் அம்மாணவி இழந்தது ஓராண்டுக் கல்வியாக இருந்திராது. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்பது நம் கருத்தன்று. எழுத்துத் தமிழ் தேர்வுக்கும் பணிக்கும் இன்றியமையாதது. அதைப் பிழையறக் கற்றே ஆகவேண்டும். பேச்சுத் தமிழைப் பழிக்காமல், அதிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் படிப்படியாய் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே நாம் சொல்வது. இதற்கு வழி காணும் துறைக்குப் பயன்பாட்டு மொழியியல் என்று பெயர்.

பிற நாட்டிலும் இதே போராட்டம் நிகழ்ந்துள்ளது. 1960-களில் அமெரிக்க அறிஞர் வில்லியம் லபோவ், நியூயார்க் நகரத்துக் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்து, அது சிதைந்த ஆங்கிலம் அன்று, தனக்கென ஒழுங்கான இலக்கணம் உடையது என்று நிறுவினார். 1979-ல் ஆன் ஆர்பர் நகரத்தில் கறுப்பினக் குழந்தைகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் அவர் சாட்சியம் அளித்தார். குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்து, அதனைக் கருத்திற் கொண்டு படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. மொழியியல் ஆய்வு நீதிமன்றம் வரை சென்று குழந்தைகளுக்குத் துணை நின்ற நிகழ்ச்சி இது.

நம் வட்டாரத்தில் ஆய்வுக் களங்கள்

நம் பிள்ளைகள் ஆய்வுப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலவற்றை எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது கல்வெட்டு மொழி. சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிப் பாடல்கள் கிரந்தத்திலும் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வூரில் தமிழ்க் கல்வெட்டுகளும் பழைய முருகன் கோயில் ஒன்றும் வெளிப்பட்டன. முந்தைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு முப்பது குடும்புகளையும் பன்னிரண்டு சேரிகளையும் குறிக்கின்றது. அந்தச் சேரிகள் பிராமணர் குடியிருந்த பகுதிகள். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலோ பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் உள்ளன. அன்று 'சேரி' என்பது குடியிருப்பு என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. அதன் முன் வந்த அடைமொழியே வேறுபாட்டைக் காட்டியது. பின்னர் அடைமொழி நீங்கி, 'சேரி' என்றாலே நம் குடியிருப்பு என்னும் நிலை வந்தது. எந்த நூற்றாண்டில், எவ்வாறு இப்பொருட்சுருக்கம் நேர்ந்தது என்பது ஒரு முழு ஆய்வேட்டுக்குரிய வினா. அதை ஆராயும் தகுதி சேரியில் பிறந்த பிள்ளைக்கு இல்லாமற் போகுமோ?

இரண்டாவது தொழிற்சொற்கள். தெலுங்கில் பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி 1962-ல் வேளாண் சொற்களையும், 1971-ல் கைத்தறிச் சொற்களையும் தொகுத்து வெளியிட்டார். தமிழில் கி. இராசநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரத்துக்கும், கண்மணி குணசேகரன் 2007-ல் நடுநாட்டுக்கும் சொல்லகராதி செய்தனர். இவர்கள் தம் ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எழுத்தாளர்கள். நம்முடையது ஏரிப் பாசன நாடு. மதகு, கலங்கல், மடை, நீர்க்கட்டி, கம்புகட்டி என ஏரியைச் சுற்றி ஒரு சொல்லுலகம் உண்டு. மடை திறந்து நீர் பாய்ச்சியவர்களில் நம் முன்னோர் பலர். ஏரிகள் தூர்ந்து மனைகளாகும் இக்காலத்தில் அச்சொற்கள் முதியோரோடு மறைகின்றன. கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் பெயர்களும், வலை வகை, மீன் வகைப் பெயர்களும் நிறைந்துள்ளன. 'கட்டுமரம்' என்னும் ஒரு சொல் ஆங்கிலத்திலும் புகுந்து உலகைச் சுற்றியது. கரையிலேயே நின்றுவிட்ட சொற்கள் எண்ணிறந்தன.

மூன்றாவது இருளர் பேச்சு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கி வருவதை அறிவோம். நம் மாவட்டத்து இருளர் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நீலகிரி இருளரின் மொழியைச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் விரிவாக ஆராய்ந்தார். நம் கடற்கரை இருளர் பாம்புக்கும் மூலிகைக்கும் வழங்கும் சொற்களைத் தொகுப்பது நம்மோடு ஒரே ஊரில் வாழும் மக்களுக்கு நாம் செய்யும் கடமை.

நான்காவது பள்ளிக் குழந்தைகளின் மொழி. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்தச் சொல்லைப் பேச்சு வடிவில் எழுதுகிறது என்பதை ஓராண்டு குறித்து வைத்தாலே நல்ல ஆய்வுத் தரவு கிடைக்கும். 'பழம்' என்பதைப் 'பயம்' என எழுதும் பிள்ளை கவனக் குறைவால் அவ்வாறு எழுதுவதில்லை. தன் காதில் விழுந்த ஒலியை நேர்மையாக எழுதுகிறது. இதை உணர்ந்த ஆசிரியரே அதைத் திருத்த வல்லவர்.

நெறியாளரும் ஆய்வாளரும்

நல்ல பொருள் கிடைத்தால் மட்டும் ஆய்வு முடிந்துவிடாது. நல்ல நெறியாளர் வாய்க்க வேண்டும். எத்துறையில் எவர் வல்லுநர் என்பதை முன்னரே விசாரித்து அறிதல் வேண்டும். கல்வெட்டு மொழியை ஆராய விரும்புவோர், ஒலியியல் வல்லாரிடம் சேர்ந்து இடர்ப்படுதல் கூடாது. சேருமுன் அவர் எழுதிய கட்டுரை இரண்டையேனும் படித்துச் செல்ல வேண்டும். களத்தில் எவ்வாறு கேட்பது, கேட்டதை எவ்வாறு ஒலிக்குறியில் எழுதுவது, ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் எவ்வாறு சரிபார்ப்பது என்பவற்றை அவரிடம் கற்க வேண்டும். எழுதிய இயல்களை அவ்வப்போது காட்டித் திருத்தம் பெற வேண்டும்.

பல்கலைக் கழக மானியக் குழு 2022-ல் வகுத்த விதிகளின்படி, ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையும் ஒரே காலத்தில் நெறிப்படுத்தலாம். ஆகவே இடங்கள் குறைவு. காலியிடம் உண்டா என்பதை முன்கூட்டியே அறிதல் நன்று. ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க இயலாது. முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்றாண்டும், மிகுதியாக ஆறாண்டும் வரையறுக்கப்பட்டுள்ளன. பெண்களுக்கு மேலும் ஈராண்டு உண்டு. சேர்க்கைக்குரிய மதிப்பெண்ணில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவருக்கு நூற்றுக்கு ஐந்து தளர்வு உண்டு. 2005-06 முதல் தாழ்த்தப்பட்ட மாணவருக்கென மைய அரசின் ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஒன்றும் உண்டு. அண்ணாமலை, தமிழ்ப் பல்கலைக் கழகம், கோவை பாரதியார் பல்கலைக் கழகம் ஆகியவற்றில் மொழியியல் துறைகள் இருக்கின்றன. சென்னைப் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் நம் வட்டாரத்தின் வாயிலிலேயே உள்ளது.

நெறியாளரை நாடும் நம் மாணவர் சிலர் கூச்சத்தால் வாய் திறவாமல் திரும்புகின்றனர். சாதி கேட்டு முகம் சுளிப்போரும் இல்லாமல் இல்லை. அத்தகைய இடத்தில் மாணவர் தனித்து நிற்கலாகாது; நம் கழகம் போன்ற அமைப்புகள் துணைநிற்க வேண்டும். வெள்ளி விழா ஆண்டின் பணியாக, முதுகலைத் தமிழ் முடித்த நம் மாணவர்களுக்குத் தகுதித் தேர்வுப் பயிற்சி வகுப்பு நடத்துமாறும், ஏரிச் சொற்களையும் கடற்சொற்களையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யுமாறும் கழகத்தாரை வேண்டுகிறோம்.

முடிவுரை

எமனோ என்னும் பேரறிஞர் 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்தார். கோத்தர் மொழிக் கதைகளை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்னும் கோத்தர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். பக்கத்து மக்களால் தாழ்வாக எண்ணப்பட்ட ஒரு சிறு சமுதாயத்தின் ஆசிரியர், உலகப் பல்கலைக் கழகங்கள் படிக்கும் நூலுக்குச் சொல் வழங்கினார். எமனோவின் புலமையை நாம் வணங்குகிறோம். சுள்ளியின் நினைவாற்றலையும் வணங்குகிறோம். ஆனால் சுள்ளியின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்றே இருத்தல் தகாது.

கந்தப்பன் ஏடு கொடுத்தார்; அவர் பேரன் இதழ் நடத்தினார். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் நம் தாய்மார் நாள்தோறும் வழங்கும் சொற்களை இனி நம் பிள்ளைகளே கேட்டு, நம் பிள்ளைகளே ஆராய்ந்து, தம் பெயரிட்டு நூலாக்க வேண்டும். அதற்குரிய படிப்பும் உண்டு, உதவித்தொகையும் உண்டு, ஆய்வுப் பொருளோ வீட்டு வாயிலிலேயே உண்டு. பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ தமிழ் படிக்க விரும்பினால் தடை சொல்லாதீர்கள். கழகம் பொன்விழாக் காணும் நாளில் வெளிவரும் மலரில் இதே பொருள் பற்றி, நம் சேரியில் பிறந்து மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் கட்டுரை வரைவாராக! வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் மக்கள்!